மதகு காப்போர்

சென்னை மாநகருக்குத் தெற்கே பல்லாவரம் முதல் தாம்பரம் வரையிலும், அதற்கு அப்பாலும் பரந்து கிடக்கும் நிலப்பகுதி முற்காலத்தில் ஏரிகளால் வாழ்ந்த பகுதியாகும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை முதலிய ஊர்களின் பெயரைச் சொல்லும்போதே அவ்வவ்வூர் ஏரியும் நினைவிற்கு வரும். இன்று அவ்வூர்களிற் பெரும்பாலானவை வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்புறங்களாக மாறிவிட்டன. எனினும், ஏரியைச் சார்ந்து வாழ்ந்த முன்னோர் கண்ட உண்மை ஒன்று இன்னும் பழையதாகிவிடவில்லை. பலர்க்கும் பொதுவாகிய பொருள் நிலைத்திருக்க வேண்டுமாயின், அதனைத் தம் பொறுப்பாகக் கொண்டு காப்பவர் ஒருவர் வேண்டும் என்பதே அவ்வுண்மை.

ஏரி ஊருக்கெல்லாம் பொது; அதன் நீர் எல்லார் வயலுக்கும் உரியது. ஆயினும், ஒவ்வொருவரும் தாம் நினைத்த நேரத்தில் மதகைத் திறக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? தலைமடை வயலில் பயிர் அழுகும். கடைமடை வயலில் பயிர் காயும். ஆகவே, மதகைத் திறந்து அடைப்பதற்கும், முறை வைத்து நீர் பாய்ச்சுவதற்கும் ஊரார் ஒருவரை அமர்த்தினர். அவரை நீர்க்கட்டி என்று அழைத்தனர். அவர் ஏரிக்கு உடையவர் அல்லர். ஊருக்குத் தலைவரும் அல்லர். ஆயினும், அவர் கண்ணயர்ந்தால் ஊர் முழுவதும் துன்புறும். கரையில் நண்டு துளைத்த சிறு வளையும் அவர் கண்ணுக்குத் தப்புதல் ஆகாது.

உலகெங்கும் உள்ள மக்கள் ஒன்றுகூடி வெட்டி, ஒன்றுகூடி ஆண்டுவரும் புதுவகை ஏரி ஒன்று இக்காலத்தில் உண்டு. அதுவே திறந்த மூல மென்பொருள். அதன் மதகைக் காப்பவரைப் பேணுநர் என்று கூறலாம். அவர் செய்யும் தொண்டு எத்தகையது, அப்பொறுப்பிற்கு ஒருவர் எவ்வாறு வருகிறார், அவர் தளர்ந்தால் விளையும் கேடு யாது என்பனவற்றை இனிக் காணலாம்.

திறந்த மூல மென்பொருள்

கணினி தானாக எதனையும் செய்வதில்லை. இன்ன செயலை இன்ன வரிசையில் செய்க என்று எழுதப்பட்ட கட்டளைகளின்படியே அஃது இயங்குகிறது. அக்கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படும். மனிதர் படித்து உணரத்தக்க வடிவில் எழுதப்பட்ட கட்டளைகளுக்கு மூல நிரல் என்று பெயர். பல நிறுவனங்கள் தம் மென்பொருளின் மூல நிரலை வெளியிடுவதில்லை. சமைத்த உணவை விற்று, சமைக்கும் முறையை மறைத்து வைப்பது போன்றது அது.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் இதற்கு மாறான நெறி ஒன்றை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதன் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை உடையவராதல் வேண்டும் என்பதே அந்நெறி. அதன்படி குனூ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர், கணினி இயங்குதற்கு அடிப்படையான லினக்ஸ் என்னும் மென்பொருளை எழுதி, அதன் மூல நிரலை யாவரும் காண வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. 1998-ஆம் ஆண்டு முதல் இத்தகைய ஆக்கங்களைத் திறந்த மூல மென்பொருள் என்று வழங்கும் வழக்கம் பரவியது.

இன்று கைப்பேசி, வங்கிக் கணினி, செய்தி பரப்பும் இணையத்தளம் ஆகிய பலவற்றின் உள்ளே இவ்வகை மென்பொருள்கள் இயங்குகின்றன. அவற்றைப் பயன்படுத்துவோருள் பெரும்பாலோர் அவற்றின் பெயரையும் அறியார். நாள்தோறும் நீர் பருகுவோர் எல்லாரும் ஏரிக்கரையைக் கண்டவர் அல்லரே!

பேணுநரின் பணி

திறந்த மூல மென்பொருளை யாவரும் திருத்தலாம் என்றால், திருத்தங்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதி மென்பொருள் சிதைந்துபோகாதா? இவ்வையம் எவர்க்கும் எழுவது இயல்பே. இதற்கு விடையாக அமைந்தவரே பேணுநர்.

ஒருவர் மென்பொருளில் ஒரு குறையைக் காண்கிறார் என்க. அவர் மூல நிரலின் படி ஒன்றைத் தம் கணினியில் எடுத்துக்கொண்டு, அதில் தம் திருத்தத்தைச் செய்து பார்க்கிறார். அத்திருத்தத்தை இன்ன காரணத்தால் செய்தேன் என்னும் குறிப்போடு பேணுநர்க்கு அனுப்புகிறார். பேணுநர் அதனை வரிவரியாகப் படிக்கிறார். குறை உண்மையாகவே நீங்கியதா, புதிய குறை எதுவும் புகுந்ததா, பழைய கணினிகளிலும் அஃது இயங்குமா, பிறர் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்பட்டுள்ளதா என்றெல்லாம் ஆராய்கிறார். தகுதி உடையதாயின் மூலத்தில் சேர்க்கிறார்; இல்லையாயின் காரணம் கூறித் திருப்பி அனுப்புகிறார். யார், எந்நாளில், எதனை மாற்றினார் என்னும் செய்தி அழியாத ஏட்டில் எழுதினாற்போலப் பதிவாகிறது.

திருத்தத்தை ஏற்பதைவிட மறுப்பதே கடினமான பணியாகும். அன்போடு ஒருவர் செய்து கொணர்ந்த பொருளை வேண்டா என்று கூற நேரும்போது, அவர் உள்ளம் நோகாமலும் மென்பொருளின் நலம் கெடாமலும் கூறுதல் வேண்டும். மேலும், சேர்த்த திருத்தத்தை எழுதியவர் நாளை வேறு பணிக்குச் சென்றுவிடலாம். அதன்பின் அதனைக் காக்கும் சுமை பேணுநரின் தோளிலேயே தங்கும். ஆகவே, இன்று கிடைக்கும் பயனை மட்டுமன்றி, பத்தாண்டு கழித்து விளையும் உழைப்பையும் எண்ணியே அவர் முடிவு செய்கிறார்.

இவையேயன்றி, புதிய பதிப்புகளை உரிய காலத்தில் வெளியிடுதல், பயன்படுத்துவோரின் முறையீடுகளைக் கேட்டல், பாதுகாப்புக் குறைகளை விரைந்து அடைத்தல், புதியவர்களைப் பழக்குதல் ஆகியனவும் அவர் கடமைகளாம். லினக்ஸ் போன்ற பெரிய மென்பொருளை ஒருவர் பேணுதல் இயலாது. அதனால், அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பேணுநர் உளர். அவர்கள் பெயர்களைக் கொண்ட பட்டியல் ஒன்று மூல நிரலோடு சேர்ந்தே இருக்கிறது. காப்பவர் எவரும் இல்லாத பகுதிக்கு நேரே ‘அநாதை’ என்னும் பொருள்படும் சொல் எழுதப்பட்டிருக்கும். இயங்கும் நிரலும் காப்பவர் இன்றேல் அநாதையே என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது.

பேணுநர் ஆகும் வழி

பேணுநர் ஆவதற்குத் தனிப் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை. விண்ணப்பம் எழுதிப் பதவியாகப் பெறுவதும் பெரும்பாலும் இல்லை. வேலை செய்யச் செய்ய நம்பிக்கை வளர்கிறது. நம்பிக்கை வளர வளரப் பொறுப்பும் வளர்கிறது. இவ்வளர்ச்சியில் சில படிகளைக் காணலாம்.

முதற்படி, பயன்படுத்துதல். ஒரு மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்துபவரே அதன் நன்மையையும் குறையையும் உள்ளவாறு அறிவார். இரண்டாம் படி, குறையை முறையாகத் தெரிவித்தல். ‘இயங்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. நோயாளி மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று கூறுவதுபோல, எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது, என்ன நேர்ந்தது என்று கூற வேண்டும். இவ்வாறு தெளிவாக எழுதிய முறையீடு பாதித் திருத்தத்திற்குச் சமம்.

மூன்றாம் படி, சிறு பணிகளைச் செய்தல். விளக்கக் குறிப்புகளில் உள்ள பிழையை நீக்குதல், மென்பொருளின் சொற்களைத் தமிழில் பெயர்த்தல், புதியவர்களின் கேள்விகளுக்கு விடையளித்தல் ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றிற்கு நிரல் எழுதும் ஆற்றலைவிடப் பொறுமையே மிகுதியும் வேண்டும். நான்காம் படி, நிரலில் திருத்தம் செய்து அனுப்புதல். முதல் திருத்தம் திரும்பி வருவது இயல்பு. திரும்பி வந்ததைக் கண்டு சினவாமல், கூறப்பட்ட காரணத்தை உணர்ந்து மீண்டும் செய்பவரே முன்னேறுகிறார்.

ஐந்தாம் படி, பிறர் அனுப்பிய திருத்தங்களைப் படித்துக் கருத்துரைத்தல். தம் வேலையை மட்டும் பார்ப்பவர் உழைப்பாளி. பிறர் வேலையையும் சீர்தூக்கிப் பார்ப்பவரே பேணுநராகத் தக்கவர். இவ்வாறு பல திங்களோ பல ஆண்டுகளோ பணிபுரிந்த ஒருவரிடம், முன்னிருந்த பேணுநர் மூலத்தில் எழுதும் உரிமையை ஒப்படைக்கிறார்.

சில திட்டங்களில் இதற்கு வரையறுத்த முறையும் உண்டு. 1993-ஆம் ஆண்டில் இயான் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளம் அத்தகையது. அதில் முழு உறுப்பினராக விரும்புவோரை முன்னரே உறுப்பினராய் இருப்பவர் ஒருவர் பரிந்துரைத்தல் வேண்டும். அதன்பின் அவர் யார் என்பதும், திட்டத்தின் கொள்கைகளை உணர்ந்தவரா என்பதும், தொழில் திறன் உடையவரா என்பதும் ஆராயப்படும். ஆராய்ச்சியில் தேறியவரே ஏற்றுக்கொள்ளப்படுவார்.

கைம்மாறிய பொறுப்பு

2005-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ், மாற்றங்களைப் பதிவு செய்து காக்கும் கிட் என்னும் மற்றொரு மென்பொருளை எழுதினார். ஏப்பிரல் திங்களில் அப்பணி தொடங்கியது. தொடக்கம் முதலே அதற்குத் திருத்தங்கள் அனுப்பி வந்தவர்களுள் ஜூனியோ அமானோ என்னும் சப்பானியரும் ஒருவர். அவர் அனுப்பியவை நுட்பமாகவும், சீராகவும், தெளிவான குறிப்புகளோடும் இருந்தன. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்து, லினக்ஸ் பணிக்குத் திரும்பினார்.

தாம் பெற்ற பிள்ளையைப் பிறந்த நான்கு திங்களில் பிறர் கையில் கொடுத்தாற்போன்றது இச்செயல். ஆயினும் அம்முடிவு தவறாகவில்லை. இருபது ஆண்டுகள் கடந்தும் அமானோ அதனைப் பேணி வந்தார். இன்று உலகின் மென்பொருள் பணியாளர்களுள் மிகப் பலர் கிட் இன்றித் தொழில் செய்வதில்லை. தொடங்கியவர் பெயரை உலகம் நன்கு அறியும். காத்தவர் பெயரை அறிந்தோர் சிலரே. எனினும், தொடங்கியவர் செலவிட்ட காலம் சில திங்கள். காத்தவர் செலவிட்டதோ வாழ்நாளின் பெரும்பகுதி.

கரை உடைந்த காலம்

பேணுநர் இல்லாமலோ, தளர்ந்தோ, தவறான கையில் பொறுப்புச் சென்றோ கேடு நேர்ந்த நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றுள் இரண்டு எண்ணத்தக்கவை.

இணையத்தின் வழியே செல்லும் கடவுச்சொல், வங்கிக் கணக்கு முதலியவற்றைப் பிறர் படிக்காதவாறு மறைத்து அனுப்ப உதவும் மென்பொருள்களுள் ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். உலகின் பெரு நிறுவனங்கள் பலவும் அதனை நம்பியிருந்தன. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பதிப்பில் சிறு பிழை ஒன்று புகுந்தது. திருத்தத்தை எழுதியவரும் அதனைக் கவனிக்கவில்லை, ஆராய்ந்தவரும் கவனிக்கவில்லை. கணினியின் நினைவகத்தில் உள்ள மறைபொருளை அயலார் எடுத்துச்செல்ல அப்பிழை இடந்தந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களிலேயே அது வெளிப்பட்டது. அதற்கு ‘ஆர்ட்பிளீட்’ என்று பெயரிட்டனர். அதன்பிறகே உலகம் ஓர் உண்மையை அறிந்து திடுக்கிட்டது. அம்மென்பொருளுக்கு முழுநேரமும் உழைத்தவர் ஒருவரே! ஆண்டுதோறும் அதற்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே! ஊரெல்லாம் நீர் பருகியது. கரைக்கு ஒரு கூடை மண் இடுவார் இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பெரு நிறுவனங்கள் சில ஒன்றுகூடி இத்தகைய மென்பொருள்களுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தன.

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் கொடியது. கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளை லாசெ காலின் என்பவர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் பேணி வந்தார். 2021-ஆம் ஆண்டில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் அதற்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-ஆம் ஆண்டில், பணி விரைவாக நடைபெறவில்லை என்று காலினைக் குறைகூறியும், வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுக்குமாறு வற்புறுத்தியும் முன்பின் அறியாத சிலர் மடல்கள் எழுதினர். சோர்வுற்றிருந்த காலின், உதவ முன்வந்தவரை நம்பி அவரையும் உடன் பேணுநராக ஏற்றார்.

அவரோ நல்லவர்போலப் பல திங்கள் உழைத்துவிட்டு, 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட இரு பதிப்புகளுக்குள் கள்ள வாயில் ஒன்றை மறைத்து வைத்தார். தொலைவிலுள்ள கணினிகளுக்குள் அயலார் நுழைய வழிசெய்வது அது. ஆண்ட்ரஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், தம் கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாகச் செல்வதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்று, கள்ள வாயிலைக் கண்டுபிடித்து, 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளை அப்பதிப்புகள் சென்று அடையுமுன் தீங்கு தடுக்கப்பட்டது. ஜியா டான் என்பவர் உண்மையில் யார் என்பது வெளிப்படவேயில்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. தனியே சுமை தாங்குபவரை இழித்துப் பேசி விரட்டுவது பொதுப்பொருளுக்கே கேடாய் முடியும் என்பது ஒன்று. மூல நிரல் மறைக்கப்படாமல் இருந்தமையால்தான் ஐயுற்ற ஒருவர் உள்ளே புகுந்து ஆராய்ந்து உண்மையைக் காண முடிந்தது என்பது மற்றொன்று.

வாரியம் தந்த நெறி

பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்னும் கேள்வி தமிழகத்திற்குப் புதியதன்று. தாம்பரத்திற்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ப்பணி செய்யும் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர் ஆவார். அண்மையில் மூன்றாண்டுக்குள் பணிபுரிந்தவரும் மீண்டும் வருதல் கூடாது. பதவிக் காலமும் ஓராண்டே.

அவ்விதிகள் நிலமும் கல்வியும் உடைய சிலரையே வாரியத்தில் அனுமதித்தன. ஊரார் எல்லார்க்கும் அவை இடந்தரவில்லை. திறந்த மூல மென்பொருளோ குலம், நாடு, செல்வம் எதனையும் கேட்பதில்லை. ஆயினும், கணக்குக் காட்டுக, பொறுப்பை ஒருவரே என்றும் பற்றிக்கொள்ளற்க என்னும் இரண்டு நெறிகள் இன்றைக்கும் பொருந்துவனவாம்.

பைத்தான் என்னும் நிரல்மொழியின் வரலாறு இதற்குச் சான்றாகும். அம்மொழியை ஆக்கிய நெதர்லாந்து நாட்டவர் கீடோ வான் ராசம் பல ஆண்டுகள் இறுதி முடிவு கூறும் உரிமையைத் தம்மிடமே வைத்திருந்தார். 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கடுமையான கருத்து மோதல் ஒன்றின்பின், அவ்வுரிமையைத் துறந்தார். தமக்குப் பின் இன்னார் என்று அவர் எவரையும் பெயர் குறிக்கவில்லை. பைத்தானைப் பேணுவோரே கலந்தாய்ந்து, ஐவர் அடங்கிய குழு ஒன்றை 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்களித்துத் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொரு பெரும்பதிப்பின் பின்னும் அக்குழுவிற்குப் புதிதாகத் தேர்தல் நடைபெறுகிறது. ஒருவர் காவல் பலர் காவலாக மாறிய இது, வாரியத்தை ஒத்த ஏற்பாடே ஆகும்.

தென்சென்னைப் பகுதியின் பங்கு

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின், அவ்வழியில் கல்விக்கூடங்கள் பல எழுந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. குரோம்பேட்டையில் சி. இராஜம் என்னும் வள்ளல் 1949-ஆம் ஆண்டில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றதும், கணினியைப் பற்றி எளிய தமிழில் எழுதிய சுஜாதா மின்னணுவியல் பயின்றதும் அங்கேயே. பின்னர் அந்நிறுவனம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

அவ்வளாகத்தில் இயங்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் திறந்த மூல மென்பொருள் வரலாற்றில் இடம்பெற்றதாகும். 2005-ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வகை மென்பொருளுக்கெனத் தேசிய வள மையம் ஒன்றை அமைத்தபோது, சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தோடு இவ்வாய்வு மையமும் அதன் பணியை ஏற்றது. திறந்த மூல மென்பொருள் பொறியியல் மாணவர்க்கு விருப்பப் பாடமாகவும் அமைந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகள் இயங்கத்தக்க ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

அரசின் முயற்சியோடு மக்களின் முயற்சியும் சேர்ந்தது. கிண்டியை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் திங்கள்தோறும் கூடி, அறிந்ததை அறியாதவர்க்குக் கற்பித்தனர். விழுப்புரத்தில் இயங்கும் அத்தகைய குழு கிராமப்புற மாணவர்க்கு இலவசமாகப் பயிற்சி அளிக்கிறது. 2012-ஆம் ஆண்டு முதல் ‘கணியம்’ என்னும் மின்னிதழ் இத்துறைச் செய்திகளைத் தமிழிலேயே எழுதி வழங்கியது. முத்து அண்ணாமலை என்பவர் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதத்தக்க ‘எழில்’ என்னும் மொழியை ஆக்கி, அதன் மூலத்தையும் பொதுவாக்கினார்.

இப்பொதுப் பொருள்களின் அருமை 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் நன்கு விளங்கியது. அம்மாதம் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருக்கெடுத்து, முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. எத்தெருவில் நீர் நிற்கிறது, எவ்வழியே செல்லலாம் என்று அறியாமல் மக்கள் தவித்தனர். அவ்வேளையில், யாவரும் திருத்தத்தக்க உலகப் பொது நிலப்படமாகிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பதை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர் வெள்ளப் படம் ஒன்றை அமைத்தனர். நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே அதில் குறித்து ஒருவர்க்கொருவர் வழிகாட்டினர். அப்படம் அவ்வளவு விரைவில் எழுந்தது எவ்வாறு? 2004-ஆம் ஆண்டு முதல் பெயர் அறியாத பலர் தெருத்தெருவாக வரைந்து, பிழை நீக்கிப் பேணிவந்த நிலப்படம் முன்னரே ஆயத்தமாக இருந்தமையால் அன்றோ! ஏரிகளும் வாய்க்கால்களும் பேணப்படாமையால் நீர் ஊருக்குள் புகுந்தது. பேணப்பட்ட பொதுப் படமோ அந்நீரிடையே வழிகாட்டியது.

மாணவர் கடமை

பேணுதல் என்பது புகழ் மிகுந்த தொழில் அன்று. புதிதாக ஒன்றைப் படைப்பவரை உலகம் பாராட்டும். படைத்தது பழுதாகாமல் காப்பவரை, பழுது நேர்ந்த நாளில் மட்டுமே நினைக்கும். ஆயினும், படைப்பவர் ஒருவர்க்குப் பின் காப்பவர் பலர் வந்தாலன்றி எப்பொதுப் பொருளும் நிலைப்பதில்லை.

இத்தொண்டிற்கு வேண்டிய பண்புகளைப் பள்ளிப் பருவத்திலேயே பயிலலாம். வகுப்பு நூலகத்தின் பதிவேட்டைப் பிழையின்றி எழுதும் மாணவன், கண்ட குறையை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் தெரிவிக்கும் மாணவி, பிறர் தவற்றைப் பழிக்காது திருத்தும் தோழன், தன் பொறுப்பு முடிந்ததும் அடுத்தவர்க்குக் கற்பித்து விலகும் தலைவி ஆகிய இவர்கள் எல்லாரும் பேணுநர்க்குரிய பயிற்சியையே பெறுகின்றனர். கணினி கிடைக்கும்போது தமிழ் எழுத்துகளைக் கையாளும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதில் கண்ட ஒரு பிழையைத் தெளிவாக எழுதி அனுப்பினாலும் போதும். அது முதற்படியாக அமையும்.

பொதுப்பொருளைப் பயன்படுத்துவது எல்லார்க்கும் உரிய உரிமை. அதனைக் காக்கும் பணியில் சிறு பங்கேனும் ஏற்பது எல்லார்க்கும் உரிய கடமை. உரிமையை மட்டும் அறிந்த ஊரில் ஏரி தூர்ந்துபோகும். கடமையையும் அறிந்த ஊரில் கடைமடைக்கும் நீர் பாயும்.